தேங்காய்ப்பால் மழையில் குடை பிடித்தவர்

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்த தமிழ் வாரப் பத்திரிகையில் அந்தப் பெயர் ஏழு மாதம் விடாமல் அச்சாகியது. ஒவ்வொரு முறையும் அதைத் தட்டச்சு செய்தவன் நான். அதுவே இந்தப் பிறவிக்குப் போதும்.

ஹாலிவுட்காரர்கள் ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இரத்தினக்கல் தேடி வந்த ஒரு வெள்ளைக்காரன், அவனைத் தேடி வந்த அவன் மனைவி, ஒரு மலை, கடைசியில் ஒரு வெள்ளம். வெள்ளைக்காரர்கள் இன்றும் அதைக் காவியம் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதில் கூடை சுமப்பார்கள், கும்பிடுவார்கள், வெள்ளம் வந்ததும் கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் வசனம் கிடையாது. அதைத்தான் எங்கள் பத்திரிகை 'ஹாலிவுட்டில் தமிழன்' என்று கொட்டை எழுத்தில் கொண்டாடியது.

பத்திரிகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது இலவசம். பலசரக்குக் கடை வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். சனம் அதை எடுத்துப் போவது முதலில் யார் செத்தது என்று பார்க்க, பிறகு மீன் வெட்டக் கீழே விரிக்க. இடையில் நான்கு பக்கம் செய்தி என்று ஏதோ இருக்கும். மரண அறிவித்தல்களும் நினைவஞ்சலிகளும்தான் எங்களைத் தாங்கின. பத்து வருடமாகத் தகப்பனுக்கு ஒரு கடிதம் போடாதவன், தகப்பன் செத்ததும் அரைப் பக்கத்துக்கு வந்து நிற்பான். மருமக்களின் பெயர் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்று மேசைக்கு முன்னால் சண்டை நடக்கும். கவிதை வேண்டும் என்பார்கள். என் மேசை லாச்சியில் ஏழு கவிதைகள் இருந்தன. 'குலவிளக்கே' என்று தொடங்குவதும் 'ஆலமரமே' என்று தொடங்குவதும் நன்றாக ஓடும். அம்மா என்றால் விளக்கு, அப்பா என்றால் மரம். அதற்கு மேல் ஒருவரும் யோசித்ததில்லை, நானும் யோசிக்கவில்லை.

இந்தப் பத்திரிகையில் 'படப்பிடிப்பின் மறுபக்கம்' என்று ஒரு பத்தி வந்தது. எழுதியவர் ஐம்பத்தைந்து வயதான ஓர் அண்ணை. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு செவ்வாயும் வேலை முடிந்ததும், கையில் கிறீஸ் மணக்க, நான்காக மடித்த தாள்களோடு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வருவார். நான் தட்டச்சு செய்யும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மூச்சு என் பிடரியில் படும். எழுத்துப் பிழையைத் திருத்தினால் கோபிப்பார், தகவல் பிழையைக் கேட்டால் சிரிப்பார்.

தகவல்கள் இப்படி. மழைக் காட்சியில் துளிகள் கமராவுக்குத் தெரியவேண்டும் என்று தண்ணீரில் தேங்காய்ப்பால் கலந்தார்களாம். வெள்ளக் காட்சிக்காக ஆற்றுக்குக் குறுக்கே நாற்பது யானைகளை வரிசையாகப் படுக்கவைத்துத் தண்ணீரை மறித்தார்களாம். கதாநாயகன் கட்டையன் என்பதால், அவன் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் கதாநாயகிக்கு நிலத்தில் குழி வெட்டினார்களாம். குழிக்குள் ஒரு நாள் பாம்பு கிடந்ததாம். அதை வெறுங்கையால் பிடித்தெறிந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணையின் அப்பா.

அப்பாதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். படத்தில் ஒரு ரயில் நிலையக் காட்சி வரும். கதாநாயகி பெட்டியிலிருந்து இறங்குவாள், மழை கொட்டும், தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் அவளுக்குக் குடை பிடிப்பான். அந்தக் குடைக்காரர்தான் தன் அப்பா என்று அண்ணை மூன்றாவது வாரம் எழுதினார். கதாநாயகி போகும்போது அழுதாளாம். அப்பாவை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டாளாம். அப்பா, ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட ஆளில்லை என்று மறுத்துவிட்டாராம்.

எனக்கு யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்டுவந்த விஞ்ஞானப் பட்டம் ஒன்று இருந்தது. பாதிப் பட்டக்காரனுக்கு இருக்கும் திமிர் முழுப் பட்டக்காரனுக்கு இருக்காது. ஒரு ரயில் மேடை நனையும் மழைக்கு எத்தனை ஆயிரம் தேங்காய் துருவ வேண்டும் என்று கணக்குப் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அமெரிக்கனிட்டை இல்லாத காசோ தம்பி என்றார். அடுத்த வாரம் பத்தியில், தேங்காய் துருவ அறுபது பெண்களை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி புதிதாக வந்தது. அந்த வரியையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

அவரைப் போல வேறு ஓர் ஆளை நான் அவ்வளவு மனப்பூர்வமாக வெறுத்ததில்லை. பொய் சொல்கிறார் என்பதற்காக மட்டும் அல்ல. சனம் அதை வாசித்தது. தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டியது. வோபர்னில் ஒரு பிறந்தநாள் விழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். குடை பிடித்தவனின் மகனுக்குப் பொன்னாடை! அவருடைய ஊர்க்காரர் ஒருவர் என் காதோடு சொன்னார், அண்ணையின் அப்பா கோண்டாவில் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர், வவுனியா தாண்டித் தெற்கே போனதாகவே தெரியாது என்று. அதைச் சொன்னவரும் அன்றைக்கு எழுந்து நின்று கை தட்டினார்.

அண்ணையின் அப்பாவுக்கு ஆண்டுத் திவசம் வந்தபோதுதான் அவருடைய துணிச்சலின் எல்லையைக் கண்டேன். நினைவஞ்சலிக்கு அவர் கொண்டுவந்த படம், தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்தது. வீடியோவை நிறுத்தி வைத்து, முன்னால் நின்று எடுத்திருக்கிறார். குறுக்கே கோடுகள், ஒரு மூலையில் ஃப்ளாஷ் பட்ட வெள்ளைப் பொட்டு, நடுவில் தலைப்பாகையோடு குடைக்காரர். வேறு படம் இல்லையா என்று கேட்டேன். இதுதான் திறம் என்றார். கோடுகளை மையால் மறைத்து, மரக் கவிதையைக் கீழே ஒட்டி, பக்கத்தைப் போட்டேன்.

அதே வாரம் நூலகத்துக்குப் போய், அந்தப் படம் எடுக்கப்பட்ட கதையைச் சொல்லும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். அட்டவணையில் விரலை ஓட்டி ரயில் நிலையத்தைத் தேடினேன். இருந்தது. இலங்கையில் பருவமழை பிந்திவிட்டதால் அந்தக் காட்சி கலிஃபோர்னியாவில், ஸ்டூடியோவுக்குள் தண்டவாளம் போட்டு எடுக்கப்பட்டது. கூட்டத்தில் நின்றவர்கள் அந்த ஊர்க் கூலி நடிகர்கள். முகத்துக்கு மண்ணிறம் பூசித் தலைப்பாகை கட்டிவிட்டிருக்கிறார்கள். மழை குழாய்த் தண்ணீர். தேங்காய் பற்றி ஒரு சொல் இல்லை.

இலங்கையில் கால் வைத்திராத எவனோ ஒருவன், முகத்தில் மை பூசிக்கொண்டு, எங்கள் பத்திரிகையில் கோண்டாவில் தபால்காரராகித் திவசம் கொண்டாடிவிட்டான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அந்தப் பக்கத்தில் ஒரு தாளை அடையாளம் வைத்துப் புத்தகத்தைப் பைக்குள் போட்டேன். அடுத்த செவ்வாய்க்காகக் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கு முன்பே ஓர் அன்ரி வந்துவிட்டார்.

ஐம்பது வயது இருக்கும். மார்க்கம் நகரில் மகள் வீடு. ஊரிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் வேலைக்குப் போகிற வழியில் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தாள். கையில் எங்கள் பத்திரிகை, அந்தப் பக்கம் வெளியே தெரிய மடித்தபடி. கதிரையில் அமர்ந்து, பத்திரிகையை என் மேசையில் விரித்து, குடைக்காரரின் முகத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இது என்ரை மனுசன்" என்றார்.

நான் முதலில் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவர் கைப்பையைத் திறந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து வைத்தார். யுத்தத்தில் ஊரே ஒரேயடியாக இடம்பெயர்ந்தபோது, கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்கையில், படங்கள் இருந்த பை தண்ணீரில் போய்விட்டது. புருசனின் சட்டைப் பைக்குள் இருந்த அட்டை மட்டும் மிஞ்சியது. அதற்குள்ளும் உப்புத் தண்ணீர் போயிருந்தது. படத்தில் முகம் இருந்த இடம் கரைந்து மஞ்சள் கறையாகக் கிடந்தது. ஒரு காதும் சட்டைக் கொலரும் மட்டும் தெரிந்தன. புருசன் வன்னியில் காய்ச்சலில் செத்தார். வருகிற மாதம் ஆண்டுத் திவசம். மகள் பதினாறு வயதில் கனடா வந்தவள், அவளிடமும் ஒரு படம் இல்லை. புருசன் கலியாணத்துக்கு முன்னால் பதுளைப் பக்கம் கடையில் நின்றவர். அங்கே வெள்ளைக்காரர் படம் பிடித்ததைப் பார்த்ததாக எப்போதோ சொல்லியிருக்கிறார். பத்திரிகையைப் பார்த்ததும் அன்ரி அட்டையை எடுத்துக் காதோடு காதை வைத்துப் பார்த்தாராம். ஒரே காதாம்.

இவ்வளவையும் அவர் அழாமல்தான் சொன்னார். நான், படம் இல்லாமலும் நினைவஞ்சலி போடலாம் அன்ரி, விளக்குப் படம் ஒன்று போட்டுவிடுவோம் என்றேன். விளக்குப் படங்களும் லாச்சியில் இருந்தன.

"பேப்பருக்கு விளக்கு போடலாம் தம்பி. வீட்டிலை நான் ஆருக்கு முன்னாலை படைக்கிறது?" என்று கேட்டார்.

 என் மூளையோ வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே அடியில் அண்ணையை விழுத்த எனக்கு இப்போது இரண்டு ஆயுதங்கள். முதலில் இந்த மனுசியை முன்னால் நிறுத்துவது. அண்ணை திக்குமுக்காடும்போது புத்தகத்தை எடுப்பது. புத்தகம் இந்த மனுசியையும் சேர்த்தே அடிக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உண்மை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது பெரிய வசனமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை அன்ரியை என் காரில் ஏற்றிக்கொண்டு அண்ணையின் வீட்டுக்குப் போனேன். மாடிக் கட்டிடத்தின் ஒன்பதாம் தளத்தில் ஓர் அறை வீடு. தனி ஆள். நான் முன்பே தொலைபேசியில் விசயத்தைச் சொல்லியிருந்தேன், கொஞ்சம் உப்புப் புளி சேர்த்து. சண்டைக்குத் தயாராக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டி கட்டி, கோப்பி போட்டு வைத்திருந்தார். சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மாலை போட்டு, அந்தக் குடைக்காரர் சட்டத்துக்குள் இருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு வேறு. கலிஃபோர்னியாக்காரனுக்குச் சந்தனப் பொட்டு. நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். புத்தகம் இருந்தது.

அன்ரி அந்தச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.  அண்ணை அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த ஒற்றைக் காதை நெடுநேரம் பார்த்தார். பிறகு வீடியோவைப் போட்டார்.

ரயில் வந்தது. கதாநாயகி இறங்கினாள். மழை கொட்டியது. குடைக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டு, நனைந்த மேடையில் குடுகுடுவென்று ஓடிவந்து, குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தார். அவளோடு கூடவே நாலெட்டு வேகமாக நடந்தார். அவ்வளவுதான், ஆறேழு நொடி. அண்ணை அதைத் திருப்பிப் போட்டார். மறுபடியும் ஓடிவந்தார். அன்ரி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை முடிந்ததும் அண்ணை நிறுத்தினார். நான் பையின் வாரை அவிழ்த்தேன்.

"தங்கச்சி, நான்தான் பிழை விட்டிட்டன்" என்றார் அண்ணை. "இது உங்கடை அவர்தான். என்ரை அப்பா இந்தக் காட்சியிலை இல்லை."

ஏழு மாதமாக ஒரு தேங்காயைக்கூட விட்டுக் கொடுக்காத மனிதர். எழும்பி நின்று சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றினார். மாலையை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடியில் இருந்த சந்தனத்தை வேட்டித் தலைப்பால் துடைத்தார். சட்டத்தை இரண்டு கையாலும் அன்ரியிடம் கொடுத்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த வாரம் பத்திரிகையிலும் திருத்தம் போடச் சொல்கிறேன், தம்பி எழுதுவார் என்றார்.

நான் வாரைத் திரும்பவும் கட்டினேன். இரக்கத்தில் அல்ல. நான் அடிக்க வந்த ஆள் தானாகவே நிலத்தில் விழுந்து கிடந்தால் அடிக்கிறவனுக்கு ஒரு மரியாதையும் இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அன்ரி சட்டத்தை மடியில் வைத்திருந்தார்.  மார்க்கம் போகிற பாதையில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, கண்ணாடியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவருக்குச் சின்னனிலை இளம்பிள்ளைவாதம் தம்பி. ஒரு கால் இழுவல். ஒருநாளும் ஓடினதில்லை."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

"அப்ப அன்ரி..." என்றேன்.

"இந்தப் படத்தையே போடுங்கோ" என்றார். "அந்த அண்ணைக்குச் சொல்லிப் போடாதேங்கோ. பாவம், தன்ரை தேப்பன் எண்டு வைச்சுக் கும்பிட்ட மனுசன், கழட்டித் தந்தவர்."

மகள் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டேன். சட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் மெல்ல மெல்லக் கால் வைத்து ஏறினார். என் பின் இருக்கையில் புத்தகம் கிடந்தது. முழு உண்மையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நினைவஞ்சலியைப் போட்டேன். அதே முகம், ஒரு மாத இடைவெளியில், வேறு பெயரோடு, வேறு மருமக்களோடு. அண்ணையின் திருத்தம் அதற்கு முன்பே பெட்டி கட்டி வந்திருந்தது. 'எனது தந்தையார் என்று தவறாகக் குறிப்பிடப்பட்டவர்' என்று அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். சனம் விட்டுவைக்குமா? பொன்னாடை போர்த்தியவர்களே முதலில் சிரித்தார்கள். குடைக்காரன் என்று அவருக்குப் பட்டம் வைத்தார்கள். கடைகளில் அவரைக் கண்டால், அண்ணை மழை வருமோ என்று கேட்டார்கள். அவருடைய பொய்க்குக் கை தட்டியவர்கள், அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தைக்கு அவரை நாறடித்தார்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர்களோடு சேர்ந்து முதல் இரண்டு கிழமை நானும் சிரித்தேன்.

பத்தி நின்றுபோனது. அண்ணை செவ்வாய்களில் வருவதை நிறுத்தினார். என் பிடரிக்குப் பின்னால் மூச்சு இல்லாமல் தட்டச்சு செய்வது நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே மாதம் ஒரு செவ்வாய் வந்தார். கையில் கிறீஸ் மணம். இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி. வழக்கம்போல நான்காக மடித்த தாள், அதற்குள் ஒரு படம். அதே தொலைக்காட்சித் திரை, அதே கோடுகள், அதே கலிஃபோர்னியா ரயில் நிலையம். இந்த முறை குடைக்காரர் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தார். அவருக்குப் பின்னால், கூட்டத்தில் மூன்றாம் வரிசையில், கூடையோடு நின்ற ஓர் உருவத்தைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"எங்கடையும் எல்லாம் வீட்டோடை எரிஞ்சு போச்சு தம்பி. ஒரு படமும் மிஞ்சேல்லை" என்றார். "வீடியோவை வடிவாப் பாத்தன். பின்னுக்குக் கன பேர் நிக்கினம். இவருக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

படத்தை மேசை விளக்குக்குக் கீழே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு தலைப்பாகை. அதற்குக் கீழே மழையும் மங்கலும். கண் இல்லை, மூக்கு இல்லை, காதுகூட இல்லை. லாச்சியைத் திறந்து மரக் கவிதையை எடுத்தேன்.

"முகம் தெரியுதோ தம்பி?" என்று கேட்டார்.

"வடிவாத் தெரியுது அண்ணை" என்றேன்.